பெயரிழந்த நீர்மூழ்கி

நிலத்திற் பொருது வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரைப் பொறித்து வைத்தல் நம் முன்னோர் கொண்டொழுகிய வழக்கமாகும். தொல்காப்பியனார் இவ்வழக்கத்தினை ஆறு படிகளாக வகுத்துக் கூறினார். உடல் மறைந்த பின்னரும் பெயரேனும் நிலைபெறல் வேண்டும் என்னும் விருப்பமே இதற்கு அடிப்படையாதல் கூடும். ஆயின், கடலிற் பட்டு மாண்டார்க்குக் கல் நடுவார் யாவர்? அலை மூடிய இடத்தில் அடையாளம் ஒன்றும் நிற்பதில்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இறந்தனர் என்று ஏட்டில் எழுதிய குறிப்பு ஒன்றே அவர்க்கு நடுகல்லாகும். அக்குறிப்பும் பிழைபட எழுதப்பட்டிருப்பின் அவர் நிலை என்னாம்?

ஈண்டு யாம் கூறப் புகுவது அத்தகைய பிழை ஒன்று திருத்தப்பட்ட வரலாறு. வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், நியூஜெர்ஸி மாகாணத்துக்கு எதிரே, குளிர் மிகுந்த அட்லாண்டிக் மாகடலின் அடியில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று 56 பேரைத் தன் வயிற்றகத்தே கொண்டு 46 ஆண்டுகள் ஒருவரும் அறியாமற் கிடந்தது. 1991ஆம் ஆண்டில் அதனைக் கண்டனர். 1997ஆம் ஆண்டிலேதான் அதன் பெயரை ஐயமற அறிந்தனர். இடைப்பட்ட காலத்தில் அக்கப்பலை நாடி மூழ்கியவருள் மூவர் உயிர் நீத்தனர். ஒரு கப்பலின் பெயரை அறிதற்கு ஆறு ஆண்டுகளும் மூன்று உயிர்களும் செலவாயினமை ஏன் என்பதை அறிய விரும்புவோர், அக்கடலின் இயல்பையும், மூழ்குவோர் உடலின் இயல்பையும் முதற்கண் அறிதல் வேண்டும்.

கண்டெடுத்த வரலாறு

நியூஜெர்ஸிக் கரையினின்றும் ஏறத்தாழ 60 மைல் தொலைவில், மீன்கள் திரளாகக் கூடும் இடம் ஒன்றனை மீன்பிடி படகுத் தலைவர் ஒருவர் அறிந்திருந்தார். வெறுமணற் பரப்பில் மீன்கள் கூடுவதில்லை. பாறையோ, மூழ்கிய கப்பலோ இருந்தாலன்றி அவை ஓரிடத்தில் தங்கா. இச்செய்தி, மூழ்குவோரை ஏற்றிச் செல்லும் 'சீக்கர்' என்னும் படகின் தலைவராகிய பில் நேகல் என்பாருக்கு எட்டியது. அவரும் அவருடைய நண்பர் ஜான் சாட்டர்ட்டனும் வேறு சிலரும் 1991ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் அவ்விடம் சென்றனர். சாட்டர்ட்டன் நீருக்கடியில் வேலை செய்தலையே தொழிலாக உடையவர். அவர் முதலில் இறங்கிப் பார்த்தார். 230 அடி ஆழத்தில், அதாவது 70 மீட்டர் ஆழத்தில், இருளினூடே நீண்டு உருண்ட இரும்புடல் ஒன்று கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் டார்ப்பீடோ என்னும் வெடிகணை ஒன்றனைக் கண்டார். கீழே கிடப்பது நீர்மூழ்கிக் கப்பல் என்பது தெளிவாயிற்று.

கரைக்கு மீண்டு ஏடுகளைப் புரட்டியபோது வியப்பே மிகுந்தது. அவ்விடத்துக்கு அணித்தே நீர்மூழ்கி எதுவும் அமிழ்ந்ததாக அமெரிக்கக் கடற்படையின் குறிப்பிலும் இல்லை. ஜெர்மானியர் குறிப்பிலும் இல்லை. போர்க்காலத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தம் எண்ணைப் புறத்தே எழுதிக்கொள்வதில்லை; ஆதலின் கப்பலின் வெளிப்புறத்தைப் பார்த்து அதன் பெயரை அறிதற்கும் வழியில்லை. எண்ணே அக்கப்பல்களுக்குப் பெயர். 'யூ' என்னும் எழுத்துக்குப் பின் வரும் எண்ணைக் கொண்டே ஒன்றனை மற்றொன்றினின்றும் பிரித்தறிவர். எண் தெரியாத இக்கப்பலை மூழ்குவோர் 'யூ-ஹூ' என்று வேடிக்கையாக அழைக்கலாயினர். 'யாரோ' என்பது அதன் பொருள். உண்மைப் பெயர் வேண்டுமாயின் கப்பலின் உள்ளே புகுந்தே தேடுதல் வேண்டும். அவ்வாறு தேடுதற்கு இடையூறாய் நின்றவை மூன்று: ஆழம், குளிர், கப்பலின் சிதைவு என்பன.

ஆழத்தின் அமுக்கம்

நம் தலைமேல் நிற்கும் காற்று மண்டலம் நம்மை எப்பொழுதும் அமுக்கிக்கொண்டே இருக்கின்றது. அதனை ஒரு வளிமண்டல அமுக்கம் என்பர் பௌதிக நூலார். கடலுள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குந்தோறும் அதற்கு ஒப்பான மற்றோர் அமுக்கம் கூடும். ஆகவே 70 மீட்டர் ஆழத்தில் இருப்பவன்மேல் நீரின் அமுக்கம் 7, காற்றின் அமுக்கம் 1, ஆக 8 வளிமண்டல அமுக்கம் பொருந்தும். நீரும் எலும்பும் தசையும் அமுக்கத்தால் எளிதிற் சுருங்கமாட்டா, காற்றோ சுருங்கும். அமுக்கம் எத்தனை மடங்கு மிகுகின்றதோ அத்தனை மடங்கு வாயுவின் பருமன் குறையும் என்பது 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் கண்ட விதி.

மூழ்குபவன் நுரையீரல் சுருங்காதிருத்தற்கு அவன் இழுக்கும் காற்றும் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தோடே வருதல் வேண்டும். இவ்வேலையைத் தானே செய்யும் கருவியை 1943ஆம் ஆண்டில் பிரஞ்சு நாட்டவராகிய ழாக் கூஸ்தோ, எமில் கானியான் என்னும் இருவர் அமைத்தனர். முதுகிற் சுமந்த குடுவையினின்றும் வேண்டும்போது வேண்டும் அமுக்கத்தில் காற்றினைத் தருவது அது. மேலேயுள்ள கப்பலினின்றும் குழாய் வழியே காற்றைப் பெறாமல், தன் காற்றைத் தானே சுமந்து மூழ்கும் இம்முறையையே இக்காலத்தார் 'ஸ்கூபா' என்பர்.

இக்கருவியால் மூச்சு விடுதல் எளிதாயிற்றேனும் செலவு மிகுந்தது. 70 மீட்டர் ஆழத்தில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நீர்மட்டத்தில் இழுக்கும் 8 மூச்சுக்குச் சமம். மேலே 80 நிமிடத்துக்குப் போதிய குடுவை கீழே 10 நிமிடத்தில் ஒழிந்துவிடும். அச்சமுற்று மூச்சு வாங்குபவனுக்கோ அதுவும் இல்லை. ஆதலால் ஆழத்தில் அமைதி என்பது ஒழுக்கத்துக்கு அணியாவதோடு உயிருக்குக் காவலும் ஆகின்றது.

காற்றே நஞ்சாதல்

நாம் உயிர்க்கும் காற்றில் ஐந்தில் ஒரு கூறு பிராணவாயு. எஞ்சிய பெரும்பகுதி நைட்ரஜன். நிலத்தின்மேல் நைட்ரஜன் நமக்கு நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. ஆழத்திலோ அது வேறு தன்மை கொள்ளுகின்றது. 30 மீட்டருக்குக் கீழ் இறங்கினால் கள்ளுண்டான் போன்ற மயக்கம் மெல்லத் தலைப்படும். 70 மீட்டரில் அம்மயக்கம் பெரிது. சிறு செய்கையும் அருஞ்செய்கையாய்த் தோன்றும், எண்ணியது மறக்கும், ஒன்றனையே திரும்பத் திரும்பச் செய்வர், சிலர் காரணமின்றி அஞ்சுவர், சிலர் காரணமின்றி அஞ்சாதிருப்பர். அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சாமையும் பேதைமையே அன்றோ?

உயிர் தரும் பிராணவாயுவும் அளவு கடந்தால் உயிரைக் கொல்லும். 8 வளிமண்டல அமுக்கத்தில் வெறுங்காற்றை உட்கொள்ளுபவன்மேற் பிராணவாயு மாத்திரம் 1.68 அளவு அமுக்கம் உடையதாகும். உழைக்கும் மூழ்குநர் 1.4க்கு மேற்போதல் தகாது என்றும், ஓய்ந்திருப்போர்க்கும் 1.6 எல்லை என்றும் இக்காலத்துப் பயிற்சியாளர் வரையறுப்பர். எல்லை கடந்தவனுக்கு முன்னறிவிப்பின்றி வலிப்புக் காணலாம். நீருக்கடியில் வலிப்புற்றவன் வாயினின்றும் மூச்சுக்குழல் நழுவின் உயிர் பிழைத்தல் அரிது.

மூன்றாவது இடர் மேலே வரும்போது நேர்வது. அமுக்கத்தின்கீழ் நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் கரைந்து புகும். சோடா நீர்ப் புட்டியை மூடியிருக்கும்வரை அதனுள் வாயு இருப்பது தோன்றாது. மூடியைத் திடீரெனத் திறந்தால் நுரைத்துப் பொங்கும். விரைந்து மேலேறும் மூழ்குநன் உடலும் அத்தகைய திறந்த புட்டியே. குமிழிகள் மூட்டுக்களில் தங்கின் பொறுக்கலாற்றா வலியும், முதுகுத்தண்டில் தங்கின் முடக்கமும், பெருகின் மரணமும் உண்டாகும். படிப்படியாக நின்று நின்று ஏறுதலே இதற்குத் தடுப்பு என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்விதிப்படி, நீர்மூழ்கியின்கண் 20 அல்லது 25 நிமிடம் தங்கியவன் மேலே வருதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் செலவிடல் வேண்டும். அத்தனை நேரமும் நங்கூரக் கயிற்றைப் பற்றிக்கொண்டு அவன் குளிரிலே தொங்குதல் வேண்டும்.

குளிரின் கொடுமை

அக்கடலின் குளிர்க்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. குளிர்காலத்தில் அப்பகுதியின் நீர் முழுதும் மேலுங்கீழும் கலந்து தண்ணென்றாகும். வேனிற்காலம் வந்ததும் ஞாயிற்றின் வெப்பம் மேற்பரப்பை மட்டும் வெதுப்பும். வெந்நீர் இலேசானது; தண்ணீர் பாரமானது. ஆதலின் வெதுவெதுப்பான நீர் மூடிபோல் மேலே நிற்க, மாரிக்காலத்து நீர் கீழேயே சிறைப்பட்டுக் கிடக்கும். இதனைக் கடல் நூலார் 'குளிர்நீர்த் தேக்கம்' என்பர். கோடையின் நடுவிலும் இதன் வெப்பம் 10 பாகை சென்டிகிரேடுக்குக் குறைவாகவே இருக்கும். மேலே ஒளியும் வெம்மையும் கண்டு இறங்குபவன், பாதி வழியில் மெல்லிய திரை ஒன்றைக் கடந்தாற்போல மாரிக்காலத்துள் புகுந்துவிடுகின்றான்.

நீர், காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆகவே அக்கடலில் இறங்குவோர் நீர் புகாத உலர் உடை அணிந்து, அதனுள் கம்பளி போன்ற தடித்த ஆடை உடுத்து, உடைக்குள் சிறிது வாயுவையும் நிரப்பிக்கொள்வர். அங்ஙனம் செய்தும் விரல்கள் மரத்துப் போகும். மரத்த விரலால் திருகியைத் திருப்புதலும் கயிற்று முடிச்சை அவிழ்த்தலும் அரிது. மேலும், குளிரால் கைகால்களிற் குருதியோட்டம் குறையுமாதலின், கரைந்து புகுந்த நைட்ரஜன் வெளியேறுதலும் தாமதப்படும். ஆழமும் குளிரும் இவ்வாறு ஒன்றற்கொன்று துணையாய் நின்று மூழ்குநனை வருத்துகின்றன.

கப்பலின் உள்ளே

இனி, மூன்றாவது இடையூறாகிய சிதைவினை நோக்குவோம். இக்கப்பல் ஜெர்மானியர் 'ஒன்பதாம் வகை' என்று வழங்கிய நெடும்பயணக் கப்பல்களுள் ஒன்று. நீளம் 76 மீட்டருக்குச் சிறிது மிகும். ஆயினும் உள்ளே மனிதர் இயங்கும் இடம் மிகவும் குறுகியது. நீர்மட்டத்தில் டீசல் இயந்திரங்களாலும் நீருக்கடியில் மின்கலங்களின் வலியாலும் ஓடுவது. 22 டார்ப்பீடோக்கள் வரை ஏற்றவல்லது. முன்னும் பின்னும் வெடிகணை அறைகளும், இடையே படுக்கைகளும், கட்டுப்பாட்டு அறையும், டீசல் அறையும், அதன்பின் மின்னியந்திர அறையும் ஒரே குழாயில் வரிசையாக அடுக்கப்பட்டவை. ஒன்றனைக் கடந்தே மற்றொன்றுக்குச் செல்லல் வேண்டும்.

அமிழ்ந்த கப்பலில் இவ்வொழுங்கு முற்றும் குலைந்து கிடந்தது. கட்டுப்பாட்டு அறை வெடித்துப் பிளந்து, அதன் மேலிருந்த கோபுரம் பக்கத்தே மணலில் வீழ்ந்திருந்தது. மரத்தாலான சுவர்கள் மட்கிப்போயின. மின்கம்பிகள் கொடிகள்போல் தொங்கின. அவை மூழ்குநனுடைய குடுவையிலும் குழாயிலும் சிக்கின், முன்செல்லவும் ஒட்டா, பின்வாங்கவும் ஒட்டா. எங்கும் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. கால் ஒன்று அசைந்தாலும், விட்ட மூச்சின் குமிழி மேலே முட்டினாலும், அவ்வண்டல் கிளம்பி விளக்கின் ஒளியையும் விழுங்கிவிடும். அந்நிலையில் கையாற் தடவியும், வந்த வழியை நினைந்துமே வெளிப்படல் வேண்டும். மேலே கூறிய மயக்கம் சூழ்ந்த மூளைக்கு அந்நினைவு எவ்வளவு அரிது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூவர் மாண்டமை

கண்டுபிடித்த அதே மாதத்தில் இரண்டாம் முறை சென்றபோது, மூழ்கியவருள் ஒருவர் அடித்தளத்தில் உணர்விழந்தார். உடன் சென்றவர் அவரைத் தாங்க முயன்றும் இயலவில்லை. நீரோட்டம் அவரை அடித்துச் சென்றது. சில திங்கள் கழிந்த பின்னரே அவருடைய உடல் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1992 அக்டோபர் 12ஆம் நாள், தந்தையும் மகனுமாகிய இருவர் ஒருங்கே மூழ்கினர். மகன் கப்பலின் உள்ளே தேடுகையில் பொருள்கள் சரிந்து அவர்மேல் வீழ்ந்தன. தந்தை உட்புகுந்து மகனை விடுவித்தார். ஆனால் அப்போராட்டத்தில் நேரமும் காற்றும் வீணாயின. தாம் மேலேறும்போது உயிர்ப்பதற்கென்று வெளியே வைத்திருந்த குடுவைகளை முழுதும் தேடி எடுக்க இயலாமல், இடையில் நில்லாது இருவரும் நேரே மேலெழுந்தனர். தந்தை படகிலேயே உயிர் துறந்தார். மகன் மருத்துவ விடுதியில் அமுக்க அறையுள் வைத்துப் பேணப்பட்டும் அன்றே இறந்தார். மகனைக் கீழே விட்டுத் தந்தை தனியே மேலேறியிருப்பின் ஒருவர் பிழைத்திருக்கலாம் என்று கணக்கிடுவார் உளராயின், அவர் தந்தையின் உள்ளத்தை அறியாதவரே ஆவர்.

அவ்விருவரும் அன்று சுவாசித்தது வெறுங்காற்றே. பிராணவாயு, நைட்ரஜன், ஹீலியம் ஆகிய மூன்றும் கலந்த கலவை வாயுவினை ஆழ்மூழ்குநர் சிலர் அக்காலத்திற் கைக்கொள்ளத் தொடங்கியிருந்தனர். அது விலையுயர்ந்தது, பலர்க்குப் பழக்கமும் இல்லாதது. ஹீலியம் அறிவை மயக்குவதில்லை. பிராணவாயுவின் பங்கைக் குறைத்து நூற்றுக்கு 16 என வைத்தால், 70 மீட்டரிலும் அதன் அமுக்கம் 1.28 என்னும் அளவிலேயே நிற்கும். கப்பற்படை அறிஞர்க்கு இவ்வுண்மை புதியதன்று. 1939ஆம் ஆண்டு மே மாதத்தில், அதே கீழ்க்கரையில் வடக்கே, 'ஸ்குவாலஸ்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கி 240 அடி ஆழத்தில் அமிழ்ந்தது. உள்ளிருந்தவருள் 33 பேரை மீட்ட பின், அக்கப்பலைத் தூக்கும் பணியில் ஹீலியம் கலந்த வாயுவையே மூழ்குநர்க்கு அளித்தனர். ஆயினும் பொதுமக்களுள் மூழ்குவோர் அதனை மேற்கொள்ள ஐம்பதாண்டுகள் சென்றன. ஹீலியத்துக்கும் ஒரு குறை உண்டு: அது காற்றினும் ஏறத்தாழ 6 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே சுவாசித்தற்கு ஹீலியக் கலவையையும், உடையில் நிரப்புதற்கு வெப்பத்தை எளிதில் விடாத ஆர்கான் வாயுவையும் தனித்தனியே கொண்டு செல்வாராயினர்.

தடயங்கள்

இத்துணை இடர்களுக்கிடையே ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே தேடுதற்குக் கிடைத்தன. முதலிற் கிடைத்தவை உணவுக் கலங்கள். அவற்றின் அடியில் ஜெர்மானியர் சின்னமும் 1942 என்னும் ஆண்டும் இருந்தன. ஆகவே அக்கப்பல் அவ்வாண்டுக்குப் பின்னரே அமிழ்ந்திருத்தல் வேண்டும் என்பது போதரும். பின்னர்க் கத்தி ஒன்று கிடைத்தது. அதன் மரப்பிடியில் அதற்குரியவர் தம் பெயரைச் செதுக்கியிருந்தார்: 'ஹோரன்புர்க்'. அப்பெயருடைய மார்ட்டின் ஹோரன்புர்க் என்பார் வானொலிப் பணியாளராய் இருந்தது யூ-869 என்னும் கப்பலில் என்று ஜெர்மானிய ஏடுகளால் தெரிந்தது.

பெயர் கிடைத்துவிட்டது என்று மகிழ்தற்கு இடமில்லை. யூ-869 என்னும் கப்பல், 1945 பிப்ரவரி 28ஆம் நாள் ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டு ராபாத் துறைக்கு எதிரே அமெரிக்க, பிரஞ்சுக் கப்பல்களால் அழிக்கப்பட்டது என்று வரலாற்று நூல்கள் யாவும் ஒருமுகமாகக் கூறின. ஏடு ஒருபுறம், கத்தி ஒருபுறம். கத்தி வேறொருவர் கைக்கு மாறி வேறு கப்பலில் வந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதினர். ஒரு சிறு கத்தியை நம்பி நூல்களை மறுத்தல் யாங்ஙனம்?

மேலும் சில சான்றுகள் வந்தன. கப்பலைக் கட்டியது பிரேமன் நகரத்துப் பட்டறை என்பதைத் தகடு ஒன்று காட்டியது. ஆபத்தில் தப்புதற்குரிய சுவாசக் கருவியின் சிறு குடுவை ஒன்றில் 15.4.44 என்னும் சோதனை நாள் காணப்பட்டது. ஆகவே 1944 ஏப்ரலுக்கு முன் அக்கப்பல் புறப்பட்டிருத்தல் இயலாது. இங்கிலாந்தில் இருந்த போர்க்கால ஆவணங்களை ஆராய்ந்தபோது உண்மை மெல்லத் தலைகாட்டியது. 1944 டிசம்பரில் நார்வே நாட்டினின்றும் புறப்பட்ட யூ-869 கப்பலுக்கு முதலில் இட்ட ஆணை அமெரிக்கக் கரைக்குச் செல்க என்பது. பின்னர் ஜிப்ரால்ட்டர்ப் பக்கம் செல்க என்று வானொலி வழியே ஆணை மாற்றப்பட்டது. அவ்வாணையைப் பெற்றதாக அக்கப்பல் மறுமொழி கூறவில்லை. ஆணை போய்ச் சேர்ந்திருக்கும் என்று கரையிலிருந்தோர் கருதினர். போரின் பின், ஜிப்ரால்ட்டரை அடுத்த கடலில் நிகழ்ந்த தாக்குதல் ஒன்றனோடு அக்கப்பலின் முடிவைப் பிணைத்து எழுதினர். ஊகம் ஒன்று ஏட்டில் ஏறியது, ஏறியபின் வரலாறாயிற்று.

இறுதிச் சான்று கப்பலினுள்ளேதான் இருத்தல் வேண்டும் என்று சாட்டர்ட்டனும், அவருடன் இப்பணியிற் சேர்ந்த ரிச்சி கோலர் என்பாரும் துணிந்தனர். மின்னியந்திர அறையில் உதிரிப் பகுதிகளை வைக்கும் பெட்டிகளில் கப்பலின் எண் எழுதிய தகடு இருக்கும் என்பது அவர்கள் அறிந்த செய்தி. ஆனால் அவ்வறைக்குச் செல்லும் வழியைப் பெரிய இரும்புப் பொருள் ஒன்று சரிந்து அடைத்திருந்தது. எஞ்சிய இடுக்கில், முதுகிற் குடுவைகளோடு புகுதல் இயலாது. சாட்டர்ட்டன் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே குடுவையைக் கையிற் பிடித்துக்கொண்டு உட்புகுந்தார். 1997 ஆகஸ்ட் 31ஆம் நாள் அங்கிருந்து எடுத்த பெட்டியின் தகட்டில் எழுதியிருந்த எண் யூ-869. ஹோரன்புர்க்கின் கத்தி பொய் கூறவில்லை, நூல்களே பிழைபட்டிருந்தன.

அக்கப்பல் எங்ஙனம் அழிந்தது என்பதிற் கருத்து வேறுபாடு நிகழ்ந்தது. அது தான் எறிந்த டார்ப்பீடோவே வட்டமிட்டுத் திரும்பித் தாக்கியதால் அழிந்தது என்று கப்பலை ஆராய்ந்த மூழ்குநர் இருவரும் கருதினர். போர்க்கால நாட்குறிப்புக்களைப் பின்னர் ஆராய்ந்தோர், 1945 பிப்ரவரி 11ஆம் நாள் 'ஹோவர்டு டி. குரோ', 'கோய்னர்' என்னும் அமெரிக்கக் காவற்கப்பல்கள் இரண்டும் அவ்விடத்தே நிகழ்த்திய தாக்குதலே காரணம் என்று காட்டினர். அக்கப்பற்காரர், தாம் தாக்கியது முன்னரே அமிழ்ந்து கிடந்த பழங்கப்பல் என்று எண்ணிச் சென்றுவிட்டனராம். வென்றவர்க்கும் தாம் வென்றது தெரியாது. உறவினர்க்கும் தம்மவர் எங்கே இறந்தனர் என்பது தெரியாது.

இதனாற் பெற்றது யாது?

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற பயன் ஓர் எண் தானா என்று வினவுவார் உண்டு. வினா தகுதியுடையதே. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்தது. மாண்டவர், அக்காலத்தில் உலகத்துக்கே கேடு சூழ்ந்த ஆட்சி ஒன்றன் படையினர். அவர்கள் ஏறிய கப்பல் வணிகக் கப்பல்களைக் கவிழ்த்தற்கென்றே விடுக்கப்பட்டது. அவர்கள் பெயர்பொருட்டு அமெரிக்கர் மூவர் இறத்தல் தகுமோ?

மூவர் உயிரும் ஓர் எண்ணுக்கு ஈடாகும் என்று யாம் கூறமாட்டோம். அம்மூவரும் பண்டைப் பொருளையும் புதுமையையும் நாடிச் சென்றவர். இறக்கச் சென்றவர் அல்லர். ஆயினும் தேடுதல் நாளடைவில் அதனை மேற்கொண்டோரை மாற்றியது என்பது கருதத்தக்கது. தொடக்கத்தில் கலமும் கருவியும் கொணர்தலே பலருடைய நோக்கம். உள்ளே மனித எலும்புகளையும் காலணிகளையும் கண்ட பின், அவற்றைத் தீண்டலாகாது என்று சாட்டர்ட்டனும் கோலரும் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். அவ்வெலும்புகளின் அருகே கிடக்கும் ஆடையின் பைகளை ஆராய்ந்திருப்பின் பெயர் எழுதிய பொருள் முன்னரே கிட்டியிருத்தல் கூடும். எளிய அவ்வழியை விலக்கி அரிய வழியை அவர் மேற்கொண்டமையே இவ்வரலாற்றில் நாம் போற்றுதற்குரியது.

பெயர் தெளிந்த பின் கோலர் ஜெர்மனி சென்று மாண்டவருடைய உறவினரைச் சந்தித்தார். கப்பலின் தலைவர் ஹெல்முட் நோயர்புர்க். அவர் மக்கள் தந்தையை அறியாமலே வளர்ந்தவர். பணியாளருட் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். இப்பத்திரிகையைப் படிக்கும் மாணாக்கரினும் மூத்தவர் அல்லர். ஆப்பிரிக்கக் கடலை நோக்கித் துயருற்றிருந்த உடன்பிறந்தார்க்கும் பிள்ளைகளுக்கும், தம்மவர் கிடக்கும் இடம் ஆயிரக்கணக்கான மைல் மேற்கே உள்ளது என்பது அப்பொழுதே தெரிந்தது. புறப்படுமுன் நோயுற்றமையால் அப்பயணத்திற் சேராது கரையிலே தங்கிப் பிழைத்த ஒருவரும், தம் தோழர் எங்கே போயினர் என்பதை முதுமையில் அறிந்தார். பகைவர் என்னும் சொல் போர்க்காலத்துக்கு உரியது. இறந்தானைத் தேடும் மகனுக்கு அவன் தந்தை மட்டுமே.

கற்போர்க்கும் இதன்கண் ஒரு பாடம் உண்டு. அச்சிட்ட நூல் ஒன்று கூறியது பற்றியே ஒரு செய்தி மெய்யாகிவிடாது. ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் எழுதப்படுமாயின், நூறு நூல் கூறினும் சான்று ஒன்றே. மூலத்தைத் தேடிச் சென்று, கண்டதனைக் கண்டவாறு கூறி, தம் கருத்துக்கு மாறான சான்றையும் மறையாது வைப்பதே ஆராய்ச்சி. ஏடு பார்த்துப் பாடபேதம் தெரிபவர்க்கும் இது பொருந்தும். கடலடியில் கத்தி கண்டெடுப்பவர்க்கும் இது பொருந்தும்.

யூ-869 இன்னும் அவ்விடத்திலேயே கிடக்கின்றது. அதனை மேலே கொணரவில்லை. இரும்பு ஆண்டுதோறும் துருவேறி மெலிகின்றது. கடற்பூக்கள் அதன்மேற் படர்ந்து வளர்கின்றன. ஒரு காலத்தில் அது முற்றும் மணலோடு கலந்துபோம். ஆயினும் வரலாற்று ஏடுகளில் ராபாத் என்று இருந்த இடத்தில் இப்பொழுது நியூஜெர்ஸி என்று எழுதியிருக்கின்றது. அக்கப்பலில் மாண்ட 56 பேர்க்கும் நடப்பட்ட கல் அதுவே.